மூடுபனிக்கு மேலே பொங்கல்

சிவமலர் சுவிஸுக்கு வந்த முதல் மாரிக் குளிர்காலம் முழுவதும் ஒரு சுப்பர்மார்க்கற்றைக் கும்பிட்டாள். இதைச் சொன்னால் அவள் கோபிக்க மாட்டாள். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு மிச்சக் கதையையும் தானே சொல்லி முடிப்பாள்.

2009 நவம்பரில் அவள் ஓல்டனுக்கு வந்து சேர்ந்தாள். அந்த வருடம் எங்கள் சனத்துக்கு எப்படிப்பட்ட வருடம் என்று நான் சொல்லத் தேவையில்லை. கொக்குவிலில் இருந்து கொழும்புக்கு வந்து, விசாவுக்குக் காத்துக் கிடந்து, ஒருவாறு கணவன் சண்முகநாதனிடம் வந்தவளுக்கு ஒரேயொரு பிடிவாதம் இருந்தது. காலையில் முழுகிவிட்டுச் சூரியனைக் கும்பிடாமல் தேத்தண்ணீரை வாயில் வைக்க மாட்டாள். ஆனால் நவம்பர் மாத ஓல்டனில் சூரியனுக்கு எங்கே போவது? மலைகளுக்கு நடுவே, ஆரே ஆற்றங்கரையில், பள்ளத்தில் கிடக்கிற ஊர் அது. மூடுபனி வந்து குந்தியது என்றால் கிழமைக் கணக்கில் எழும்பாது. பல்கனியில் நின்றால் எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியாது.

"இஞ்சேருங்கோ, சூரியன் எந்தப் பக்கம்?" என்று அவள் கேட்டாள்.

சண்முகநாதனுக்கு வேலைக்கு ஓடுகிற அவசரம். ஒரு கையால் சப்பாத்தை இழுத்து மாட்டிக்கொண்டே மற்றக் கையை எங்கேயோ நீட்டினார். "அந்தா, அந்தக் கடைப் பக்கம்."

புருஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயது அது. அவள் நாள் தவறாமல் கடைப் பக்கம் பார்த்துக் கைகூப்பினாள். மாசி மாதத்தில் ஒருநாள் பனி விலகியபோது அவளுடைய கூப்பிய கைகளுக்கு நேரே கடையின் விளம்பரப் பலகை பளிச்சென்று நின்றது. அரைவிலையில் கோழி என்று அதில் எழுதியிருந்தது. சூரியனோ அவளுடைய முதுகுக்குப் பின்னால், ரயில் தண்டவாளங்களுக்கு மேலே இருந்தார். அன்றைக்கு மாலை சண்முகநாதன் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். பாஷை விளங்காததால் மானம் தப்பியது.

அடுத்த மாரியில் அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில், துணி தோய்க்கிற பகுதியில் வேலை கிடைத்தது. வயிற்றில் பிள்ளை வேறு. இருந்த இடத்தில் கண்ணைச் சுழற்றும். வேலை முடிந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில், ஓல்டனை ஒட்டிக் கிடக்கிற ட்ரிம்பாக்கில் வீடு. அன்றைக்கு அவள் கண்ணாடியில் தலையைச் சாய்த்ததுதான் தெரியும். யாரோ முகத்துக்கு நேரே டோர்ச் அடிப்பது போல இருக்க, திடுக்கிட்டு விழித்தாள். அடித்தது சூரியன்.

பஸ் மலைக்கு மேலே, ஹவுன்ஸ்டைன் என்கிற சின்ன ஊரின் கடைசித் தரிப்பில் நின்றது. சாரதி இறங்கச் சொல்லிக் கைகாட்டினான். இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். தலைக்கு மேலே கண் கூசுகிற நீலம். காலடியில் ஓல்டன் இல்லை, ட்ரிம்பாக் இல்லை, ஆறு இல்லை. அடிவானம் வரைக்கும் ஒரே வெள்ளைக் கடல். கடலுக்கு அக்கரையில் அல்ப்ஸ் மலைகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. இந்தக் கடலுக்கு அடியில்தான் இவள் இவ்வளவு காலமும் சமைத்து, தோய்த்து, நித்திரை கொண்டு குடித்தனம் நடத்தியிருக்கிறாள்! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வேலையில் நின்ற புருஷனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ! சூரியன் இஞ்ச இருக்கு!"

"எங்க?"

"பஸ்ஸின்ர கடைசித் தரிப்பில!"

"மலர், உனக்குக் காய்ச்சலோ?"

காய்ச்சல்தான். அந்தக் காய்ச்சல் அவளுக்கு அன்றோடு விடவில்லை. ஊர்ச் சனமெல்லாம் கோடைக்குக் காத்திருக்க, இவள் ஐப்பசி எப்போது பிறக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். லீவு நாளில் பள்ளத்தில் மூடுபனி என்றால் காலிலே சக்கரம் கட்டிக்கொண்டு மேலே போய்விடுவாள். மகள் தக்ஷிகா பிறந்த பிறகு அவளைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போனாள். நடக்கத் தொடங்கிய பிறகு கையில் பிடித்துக்கொண்டு போனாள். "பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று சொன்னவர்களுக்கெல்லாம், "பிடிச்சாப் பிடிக்கட்டும், பிடிச்ச சளி போகும், பாத்தது போகாது" என்று ஒரே வெட்டாக வெட்டினாள்.

என்னத்தைப் பார்த்தாள் என்கிறீர்களா? மூடுபனியின் விளிம்பில் நிற்கிற மரங்களைப் பார்த்தாள். இரவில் வீசுகிற ஈரக்காற்று ஒவ்வொரு சுள்ளியிலும் வெள்ளை இறகுகளை வளர்த்து வைத்திருக்கும். வெயில் பட்டதும் அவை கிலுகிலு என்று உதிரும். முட்பற்றைகளில் காட்டு ரோசாவின் சிவப்புக் காய்கள், ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு பனித்தொப்பி. நரி நடந்த தடம், ஒரே கோட்டில், தையல் போட்டது மாதிரி. ஒருநாள் உக்கிப்போன மரக்கொப்பு ஒன்றில் வெள்ளை முடி முளைத்திருந்தது. முடி என்றால் முடியேதான். வாரிவிட்டது போல வழவழவென்று வளைந்து கிடந்தது. குனிந்து மூச்சு விட்டாள், அந்த இடம் உருகிப் போனது. தக்ஷிகா அதைத் தன் பள்ளிக்கூடத்தில் சொல்ல, வாத்தியாரம்மா சந்தோஷப்பட்டு, அது பனிக்கட்டிதான், சில இரவுகளில் உக்கல் மரத்தில் அப்படி வளரும் என்று சொல்லி அனுப்பினார். அதைக் கேட்ட பிறகு சிவமலர் குனிந்து பார்க்காத உக்கல் மரம் அந்தக் காட்டில் இல்லை.

அவள் கோலம் போடுவதில் கெட்டிக்காரி. எங்கள் கலியாண மண்டபங்களில் வாசலுக்குக் கோலம் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அவளுடைய கோலத்தில் தாமரை குறைந்தது. ஆறு கை விரித்த பனிப்பூவும், இறகும், சுள்ளியும் வந்தன. அவற்றை முதலில் பார்த்த யோகாம்பாள் அக்கா, "என்னடி மலர் இது, மீன் முள்ளைப் பரப்பி வச்ச மாதிரி?" என்று கேட்டார். எங்கள் தமிழ்ச் சங்கத்து விழாக்களில் சடங்கு சம்பிரதாயம் எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்பவர் அவர். ஆனால் அடுத்த கிழமையே தன் தம்பி மகளின் சாமத்தியச் சடங்குக்கு, "அந்த மீன்முள்ளுக் கோலத்தையே போடு" என்று சொல்லியும் விட்டார்.

இந்தச் சந்தோஷத்துக்குள் வராத ஆள் ஒருவர்தான். அவளுடைய புருஷன்.

சண்முகநாதனுக்கு ஒரு லாகரில், சாமான் களஞ்சியத்தில் வேலை. பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற வண்டி ஓட்டுவார். யன்னல் இல்லாத பெரிய கட்டடம் அது. இருட்டோடு உள்ளே போனால் இருட்டோடு வெளியே வருவார். மாரி பிறந்ததும் மனிதர் சுருங்கத் தொடங்கிவிடுவார். பேச்சுக் குறையும். வீட்டுக்குள்ளும் ஜாக்கெட்டைக் கழற்றாமல் ரீவிக்கு முன்னால் இருப்பார். மலைக்கு வாங்கோ என்று சிவமலர் கேட்டுக் கேட்டு வாய் நொந்து போனாள். "அங்கையும் குளிர்தானே" என்பார். அவள் போனில் எடுத்த படங்களை நீட்டினால், "இப்பிடிப் படம் இண்டர்நெற்றில வேண்டிய மட்டும் கிடக்கு" என்பார். அதற்கு மேல் அவரோடு யார் மல்லுக்கட்டுவது?

மகளுக்கு ஏழாவது வயது நடந்த மார்கழியில் அவர் ஒரு குண்டைப் போட்டார்.

"லக்ஷ்மணன் அண்ணை போன் எடுத்தவர். அவையின்ர பக்கத்து வீடு சித்திரையில காலியாகுதாம். வாடகைக்குப் பேசி வைக்கட்டோ எண்டு கேக்கிறார்." லக்ஷ்மணன் அவருடைய மூத்த தமையன், லண்டனில் இருப்பவர். "இந்தக் கிடங்குக்குள்ள இன்னொரு மாரி என்னால ஏலாது மலர்."

சிவமலரின் கையில் இருந்த தோசைக் கரண்டி அந்தரத்தில் நின்றது. "லண்டனில மட்டும் என்ன, வெயில் கொட்டுதே?"

"அங்க எங்கட சனம் இருக்கு."

"இஞ்ச மலை இருக்கு. மேல ஏறினா வெயில் இருக்கு. இதை விட்டிட்டு என்னை எங்க கொண்டுபோய்ப் போடப் போறியள்?" இந்த ஊரில் கால் வைத்து இவ்வளவு காலத்தில் அவள் தானாகக் கண்டுபிடித்தது, யாரும் கொடுக்காமல் தனக்கென்று எடுத்துக்கொண்டது, அந்த மலை ஒன்றுதான். அதை விட்டுப் போவது என்றால் தன்னில் பாதியை விட்டுப் போவதாக அவள் நினைத்தாள்.

அவரும் சும்மா விடவில்லை. "சரி, ஒரு கதை கதைப்பம். இத்தினை வருசமும் குசினிக்குள்ள, கறண்ட் அடுப்பில பொங்கி, எந்தப் பக்கம் எண்டு தெரியாத சூரியனுக்குப் படைச்சிருக்கிறம். இந்தப் பொங்கலுக்கு நீ எனக்குச் சூரியனைக் காட்டு. படத்தில இல்லை, கண்ணால. சூரியனுக்கு முன்னால பானையும் பொங்க வேணும். காட்டினா லண்டன் எண்ட பேச்சை எடுக்க மாட்டன். காட்டாட்டி, அந்த மாதக் கடைசிக்குள்ள வீட்டுக்காரனுக்கு வீட்டை விடுறம் எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடுறது. சம்மதமோ?"

"சம்மதம்!" என்றாள் சிவமலர்.

அந்த வருடம் பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அவளோடு வேலை செய்யும் மேர்சி காரோடு வர ஒத்துக்கொண்டாள். "நான் வேதக்காரி எண்டாலும் எனக்கும் பொங்கல் புக்கைக்கும் ஒரு பகையும் இல்லை மலரக்கா" என்றாள். முறை தவறக் கூடாது என்று யோகாம்பாள் அக்காவையும் கூப்பிட்டார்கள். மலையில் பூட்டியிருக்கிற கமராவின் படத்தை சிவமலர் அந்தக் கிழமை முழுவதும் போனில் பார்த்துக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை பின்னேரம்வரை மேலே தங்கம் மாதிரி வெயில். அவள் துள்ளாத குறையாகப் பானையை விளக்கினாள். இரண்டு பக்கமும் காது வைத்த பித்தளைப் பானை அது.

இந்த நாட்டு மாரியில் சூரியன் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் எழும்புவார். அந்த வசதிக்காக அவரை மெச்ச வேண்டும். ஆறுதலாக முழுகி, வேட்டிக்கு மேலே ஜாக்கெட்டும் சேலைக்கு உள்ளே தடித்த காற்சட்டையும் மாட்டிக்கொண்டு, ஐந்து பேரும் காரில் ஏறினார்கள். ட்ரிம்பாக்கில் மூடுபனி. வளைவுகளில் ஏறினார்கள், மூடுபனி. ஹவுன்ஸ்டைன் வந்தது, அங்கேயும் மூடுபனி. காரை நிறுத்திவிட்டு, காட்டோரத்தில் நெருப்பு மூட்டுவதற்கென்று கல் அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்கு நடந்தார்கள். அங்கேயும் பத்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இரவோடு இரவாகப் பனி மேலே ஏறியிருந்தது.

சண்முகநாதன் விறகை இறக்கி வைத்தார். ஏதாவது குத்திக் காட்டியிருந்தாலாவது சிவமலர் திருப்பிக் கொடுத்திருப்பாள்.

"பனி கிடந்தாலும் நேரம் நிக்காது. பானையை ஏத்துங்கோ" என்றார் யோகாம்பாள் அக்கா. சண்முகநாதன் அடுப்பு மூட்டிப் பானையை ஏற்றிப் பாலை விட்டார். யோகாம்பாள் அக்கா அரிசிமாவை அவிழ்த்து, முற்றத்துக்குச் செய்வது போலப் பயபக்தியோடு குனிந்து ஸ்னோவில் கோலம் போடத் தொடங்கினார். முழங்கால் நோவோடு கால் மாற்றிக் கால் மாற்றி ஒரு சுற்று முடித்து நிமிர்ந்தவர், தான் போட்டதைத் தேடினார். வெள்ளைக்கு மேல் வெள்ளை. ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை.

"அக்கா, நல்லா வந்திருக்கு. கர்த்தருக்கு மட்டும் தெரியும்" என்றாள் மேர்சி.

தக்ஷிகா விழுந்து விழுந்து சிரித்தாள். யோகாம்பாள் அக்காவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். சிவமலரும் சிரித்தபடியே பையிலிருந்த மஞ்சள் தூளை எடுத்து, அந்தக் காணாத கோலத்துக்கு மேலே ஆறு கை விரித்த பூ ஒன்றைப் போட்டாள். ஸ்னோவில் மஞ்சள் அப்படி எரிந்தது! அதைப் பார்க்க நிமிர்ந்தபோதுதான் அவள் கவனித்தாள். மூடுபனி சாம்பல் நிறமாக இல்லை. பால் வெள்ளையாக இருந்தது. தலைக்கு நேரே மேலே, மெல்லிய நீலம் ஊறிக்கொண்டிருந்தது.

இத்தனை மாரி ஏறி இறங்கியவளுக்கு அது என்னவென்று தெரியும். "இஞ்சேருங்கோ! விளிம்பு கிட்டத்தில இருக்கு! இன்னும் கொஞ்சம் ஏறினாக் காணும். அந்த மாடு மேயிற மேட்டுக்குப் போவம். கெதியா!"

"பானை அடுப்பில இருக்குதடி" என்றார் யோகாம்பாள் அக்கா.

"தூக்கிக்கொண்டு போவம்!"

"விசரே உனக்கு? ஏத்தின பானையைப் பொங்காமல் இறக்கிறதோ? நல்ல நாளும் அதுவுமா! குடும்பத்துக்கு ஆகாது மலர்."

சிவமலர் பானையைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். இங்கேயே நின்றால் பானை முறையாகப் பொங்கும், மலை போய்விடும். தூக்கினால், யோகாம்பாள் அக்கா சொன்னது பலித்துவிடுமோ என்ற பயம். அவளும் அந்தச் சாத்திரத்தில் வளர்ந்தவள்தானே. ஆனாலும் துவாயை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு காதைப் பிடித்தாள். பானை அசையவில்லை. ஒரு ஆளால் தூக்கக் கூடிய பாரமா அது?

அப்போது மறுபக்கத்தில் இன்னொரு கை வந்து மற்றக் காதைப் பிடித்தது. சண்முகநாதன் தோளில் கிடந்த சால்வையைக் கையில் சுற்றியிருந்தார். பந்தயத்தில் வெல்லுவதற்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, சும்மா நின்றால் போதும். சிவமலர் அவரை வாய் திறந்து பார்த்தாள்.

"என்ன பாக்கிறாய்? சுடுது, நட" என்றார்.

அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் வேட்டியும் ஜாக்கெட்டுமாக ஒருவர், சேலையை இடுப்பில் செருகிய ஒருத்தி, நடுவில் ஆவி பறக்கிற பித்தளைப் பானை. பின்னால் விறகோடு மேர்சி, கரும்போடு தக்ஷிகா. கடைசியாக, வாழைப்பழச் சீப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தேவாரமும் திட்டுமாக மாறி மாறிச் சொல்லியபடி யோகாம்பாள் அக்கா. ஸ்னோவில் கால் புதைந்தது. பால் தளும்பியது. ஒவ்வொரு அடிக்கும் வெள்ளை இன்னும் வெளித்துக்கொண்டே வந்தது. மரங்களில் பனி இறகுகள் முதலில் நிழலாகத் தெரிந்தன, பிறகு வெள்ளி போலத் தெரிந்தன, பிறகு ஒரேயடியாகப் பற்றிக்கொண்டது போல ஒளிர்ந்தன.

தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்கியது மாதிரி அவர்கள் வெயிலுக்குள் வந்தார்கள்.

யாருக்கும் கத்தாமல் இருக்க முடியவில்லை. தக்ஷிகா கரும்பைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு வட்டமாக ஓடினாள். மேர்சி, "இயேசுவே, இயேசுவே" என்றாள். அல்ப்ஸின் விளிம்பில் இருந்து சூரியன் அப்போதுதான் முழுசாக எழும்பி நின்றார். வெள்ளைக் கடல் இளஞ்சிவப்பாகிக் கிடந்தது. யோகாம்பாள் அக்கா பழச்சீப்போடு சேர்த்துத் தலைக்கு மேலே கைகூப்பி, கண்ணீர் வழிய நின்றார். சண்முகநாதனோ பானையைக் கீழே வைக்க மறந்து, அதைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, கை சுடப் போகுது!"

மேட்டோரம் இருந்த பழைய கல்வேலியில் மூன்று கல்லைப் பெயர்த்து ஸ்னோவில் வைத்து, மேர்சி கொண்டுவந்த விறகை அடுக்கி மூட்டினார்கள். பால் சூடேறும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. அப்போது சண்முகநாதன் குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு மேட்டின் மறுபக்கம் போனார். அங்கே பள்ளம் முழுவதும் மூடுபனி. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றவர் திடீரென்று கத்தினார்.

"மலர்! ஓடி வா! இஞ்ச பார், இஞ்ச பார்!"

அவருடைய நிழல் நீண்டு கீழே பனியின்மேல் விழுந்திருந்தது. நிழலின் தலையைச் சுற்றி ஒரு வானவில் வட்டம். சாமிக்குப் பின்னால் வைக்கிற திருவாசி மாதிரி, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒளி வீசியது. ஓடிவந்து பக்கத்தில் நின்ற சிவமலரும் பார்த்தாள்.

"கடவுளே! ஓம், வட்டம்! ஆனா அது என்ர தலையிலயல்லோ இருக்கு!"

"உன்ர தலையில ஒண்டும் இல்லை. நல்லாப் பார், என்ர தலையில."

"உங்கட நிழல் வெறுமனே நிக்குது! எனக்குத்தான்!"

"எனக்கு! எனக்கு!" என்று தக்ஷிகாவும் இடையில் புகுந்தாள். மேர்சி வந்தாள், அவளுக்கும் அவளுடைய தலையில். யோகாம்பாள் அக்கா வந்து பார்த்துவிட்டு, "நீங்கள் எல்லாரும் பொய் சொல்லுறியள்" என்றார், அவருக்குத் தன் தலையில் மட்டும்தான் தெரிந்தது. அங்கே தெரிகிற வட்டம் எப்போதும் பார்க்கிறவரின் தலையைச் சுற்றித்தான் தெரியும், பக்கத்தில் நிற்பவருடையது கண்ணுக்கு அகப்படாது. அது அவர்கள் ஒருவருக்கும் தெரியாது. ஐந்து பேரும் வரிசையாக நின்று, கையை ஆட்டி, தலையை ஆட்டி, தங்கள் தங்கள் திருவாசிக்காகச் சண்டை பிடித்தார்கள். சண்முகநாதன் சிரித்த சிரிப்பு அந்த மேடெல்லாம் கேட்டது. மாரி காலத்தில் அவர் சிரித்து சிவமலர் கண்டதே இல்லை.

"பால்!" என்று யோகாம்பாள் அக்கா அலறினார்.

எல்லோரும் ஓடினார்கள். நுரை பானையின் கழுத்துக்கு வந்திருந்தது. ஆனால் அங்கே இன்னொரு அலுவலும் நடந்துகொண்டிருந்தது. ஸ்னோவுக்கு மேல் அடுப்பு வைத்தால் ஸ்னோ உருகும் என்று ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சூரியன் பக்கமாக இருந்த கல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பானை ஒரு பக்கமாகச் சரிந்தது. நுரை விளிம்பைத் தாண்டி, நெருப்பில் சுர் என்று விழுந்து, ஸ்னோவில் வழிந்து ஓடியது. மேர்சி பாய்ந்து பானையின் காதைப் பிடித்து நிமிர்த்தினாள்.

யோகாம்பாள் அக்கா வாயில் கை வைத்தார். "இப்ப இது பொங்கினதோ, சரிஞ்சதோ?"

சிவமலர் கணக்குப் பார்த்தாள். சரிந்தது என்றால் பானை பொங்கவில்லை. பானை பொங்காவிட்டால் சித்திரையில் வீடு காலி. எல்லோருடைய கண்ணும் சண்முகநாதனிடம் போனது. குடும்பத் தலைவன் அவர், அரிசி போட வேண்டியவர் அவர், பந்தயம் கட்டியவரும் அவர்.

அவர் ஸ்னோவில் வழிந்த பாலைப் பார்த்தார். அது ஓடிய திசையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பொங்கினது. சூரியன்ர பக்கமாத்தான் பொங்கினது. நான் கண்ணால பாத்தன்."

"பொங்கலோ பொங்கல்!" என்று தக்ஷிகா கத்த, எல்லோரும் கத்தினார்கள். சண்முகநாதன் மூன்று முறை அரிசியை அள்ளிப் பானையைச் சுற்றி உள்ளே போட்டார். அடுப்புக் கல்லுக்குக் கீழே விறகுக் கட்டைகளைக் கொடுத்துப் புக்கையைக் கிண்டினார்கள். அரைவேக்காடுதான். ஆனாலும் அதற்கு ஈடாக இன்னொரு புக்கையைத் தான் சாப்பிட்டதில்லை என்று மேர்சி சத்தியம் செய்தாள்.

கல்வேலியில் அவருக்குப் பக்கத்தில் வந்து இருந்த சிவமலர் மெதுவாகக் கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்கோ. பொங்கினதே?"

"எனக்கென்ன தெரியும்? நான் பானையைப் பாக்கேல்லை. உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்." அவர் கையில் இருந்த புக்கையை ஊதினார். "மலர், நீ ஒவ்வொரு முறையும் இஞ்ச வந்திட்டு வீட்டை வரேக்க உன்ர முகத்தில வெயில் இருக்கும். நான் லாகரால வந்து அதைப் பாத்துக்கொண்டு இருப்பன். எனக்கு எரியும். சத்தியமா எரியும். லண்டனுக்குப் போனா உனக்கும் வெயில் இல்லாமல் போயிடும் எண்டுதான் நினைச்சன் போல கிடக்கு."

சிவமலருக்கு அவரை ஒரு அடி போட வேண்டும் போலவும், கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. யோகாம்பாள் அக்கா பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டையும் செய்யவில்லை. அவருடைய பிளேட்டில் இன்னும் ஒரு அகப்பை புக்கையை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. பொங்கல் வாழ்த்துச் சொல்ல லக்ஷ்மணன் அண்ணை லண்டனில் இருந்து எடுத்திருந்தார்.

"ஓம் அண்ணை, பொங்கியாச்சு. நல்லாப் பொங்கினது." சண்முகநாதன் சூரியனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "அண்ணை, அந்தப் பக்கத்து வீட்டை வேற ஆருக்கும் குடுக்கச் சொல்லுங்கோ. இல்லை இல்லை, ஒரு பிரச்சினையும் இல்லை. எனக்கு இஞ்ச கொஞ்சம் வேலை கிடக்கு."

என்ன வேலை என்று மறுமுனையில் தமையன் கேட்டிருக்க வேண்டும். சண்முகநாதன் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்தார்.

"வெயில் காயிற வேலை அண்ணை."